மூக்கக்காவின் கூர் நாட்கள்

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. எண்ணெய் வந்து இறங்கினால், சோப்பு காய்ச்சும் கொப்பரைக்குப் போகும் முன்னால் ஒரு சின்னப் புட்டி அவள் மேசைக்கு வரும். முகர்ந்து பார்த்துச் "சரி" என்றால் சரி. "காறிப்போச்சு" என்றால் பீப்பாய் வந்த வழியே திரும்பும். பதினாறு வருடத்தில் ஒரு கட்டி சோப்பைக்கூட வாடை அடிக்கிறதென்று எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. இருக்கட்டுமே, சும்மா வந்த பெருமையா அது?

மேசை இழுப்பறையில் ஒரு நாட்காட்டி வைத்திருந்தாள். மாதவிடாய் வந்த நாளுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து எண்ணிப் பன்னிரண்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை ஐந்து புள்ளிகள். அவைதான் அவளுடைய கூர் நாட்கள். அடுத்த அறையில் யாராவது ஆரஞ்சு உரித்தால்கூட அப்போது தெரிந்துவிடும். மற்ற நாட்களில் மூக்கு கொஞ்சம் மந்தம்தான். தூக்கத்துக்கும் பசிக்கும் உடம்பில் தினமும் ஒரு கணக்கு ஓடுகிற மாதிரி, தன் மூக்குக்கு மாதக் கணக்கு ஒன்று இருப்பதை எந்தப் படிப்பும் இல்லாமல் அவளே கண்டுபிடித்திருந்தாள். மந்தமான நாளில் சந்தேகம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். புட்டியை இறுக மூடி அலமாரியில் வைத்துவிடுவாள். கூர் நாள் வரும்வரை பீப்பாய் காத்திருக்கும்.

புதிதாக வந்த மேலாளர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். திருப்பி அனுப்பிய பீப்பாய்களெல்லாம் மாதத்தில் ஐந்தே நாட்களில் குவிந்து கிடந்தன. அவளை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

"மாசத்துல அஞ்சு நாள் உங்களுக்கு எதுவுமே பிடிக்க மாட்டேங்குது. மனசு சரியில்லன்னா எண்ணெய் மேல காட்டுறதா? பேசாம பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா. இதுக்கு ஒரு மிஷின் வாங்கிக்கிறோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. போய் நாட்காட்டியை எடுத்துவந்து அவர் மேசையில் விரித்தாள்.

"இந்த வட்டம் எனக்கு மாதவிடாய் வந்த நாள், சார். இந்தப் புள்ளியெல்லாம் என் மூக்கு நல்லா வேலை செய்யிற நாள். சந்தேகமானதை அதுவரைக்கும் ஒதுக்கி வைக்கிறேன். அதான் குவியுது."

சுற்றி நின்ற ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று மின்விசிறியைப் பார்க்கவேண்டிய அவசியம் வந்துவிட்டது. மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, பத்துப் புட்டி வைக்கிறேன். ரெண்டுல காறின எண்ணெய் இருக்கும். எதுன்னு சொல்லிடுங்க பாப்போம்."

"இன்னைக்கு இல்ல சார். வட்டம் போட்டு நாலு நாள்தான் ஆச்சு. ஒன்பது நாள் போகட்டும்."

"நழுவுறீங்களா?"

"தேதி என்னோடது, புட்டி உங்களோடது. தப்பாச் சொன்னா நானே பேக்கிங்குக்குப் போறேன்."

ஒன்பதாம் நாள் ஆய்வுக்கூடக்காரர் எண் ஒட்டிய பத்துப் புட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். அவள் ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"நாலாம் நம்பர்."

"இன்னொண்ணு?" என்றார் மேலாளர்.

"இன்னொண்ணு இல்ல."

"ரெண்டுன்னு நான்தான் சொன்னேனே! நிதானமாப் பாருங்க."

மறுபடியும் பத்தையும் முகர்ந்தாள். குத்துமதிப்பாக ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி வைத்தால் தப்பிக்க வழியுண்டு. பதினாறு வருட நாற்காலி கைவிட்டுப் போகப்போகிற நேரத்தில் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்?

"இல்லாத வாடையை எப்படி சார் சொல்லுவேன்? ஒண்ணுதான்."

மேலாளர் சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பிரித்துக் காட்டினார். நாலு, ஏழு.

"ஏழை விட்டுட்டீங்களேம்மா."

ஆய்வுக்கூடக்காரர் கையைப் பிசைந்தார். "சார்... ஏழாம் புட்டி காலையில கை தவறி உடைஞ்சிடுச்சு. காறின எண்ணெய் மிச்சமில்ல. நல்ல எண்ணெயையே ஊத்தி வச்சிட்டேன். யாருக்குத் தெரியப் போகுதுன்னு..."

"எனக்குத் தெரியும்ல?" என்றாள் மூக்கக்கா. தலை நிமிர்ந்தே இருந்தது.

மிஷின் பேச்சு அன்றோடு நின்றது. மாதக் கடைசியில் மேலாளர் கையில் வேலை அட்டவணையோடு அவள் மேசைக்கே வந்தார்.

"மூக்கக்கா, அடுத்த மாசம் உங்க அஞ்சு நாள் எதெதுன்னு சொன்னா, அதை வச்சே பீப்பாய் இறக்கிடலாம்."

சுற்றிலும் அதே ஆண்கள்தான். இந்தத் தடவை யாரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"வட்டம் வரட்டும் சார்," என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி நான் யாருக்கும் தேதி குடுக்கிறதில்ல."