இரண்டாவது இலக்கம்

மார்ச் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. வழமைபோல ஐந்தரைக்கு எழும்பி, தேநீர் குடித்து, களுபோவில ஆஸ்பத்திரியில் மனைவியைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தையிலுள்ள அலுவலகத்துக்கு வந்தேன். அவள் இன்னும் கண் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே அலுவலகக் கணினியை இயக்க முடிந்தால்தான் என் வேலை நிலைக்கும். அதற்கான சிறு பெட்டியைப் பொருத்த ஒருவர் வந்திருந்தார்.

ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். நான் கடவுச்சொல்லை அடிக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"முருகன் எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ அண்ணை. காலி வீதியில பாதிக் கடைக்கு அதுதான். கள்ளனும் கும்பிட்டுக்கொண்டு உள்ளுக்கு வருவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டிருந்ததை அழித்து வேறு அடித்தேன்.

பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிடாமல், என் மடிக்கணினிக்கு மட்டும் வழிவிட்டார். பிறகு, என் போன் தொலைந்தால் உள்நுழைவதற்கான குறியீட்டை அனுப்ப இன்னொருவரின் இலக்கம் கேட்டார். பழக்கத்தில் மனைவியுடையதைச் சொன்னேன். அவர் அதைப் பதிந்து சோதனைக் குறியீடு அனுப்பியதும் என் சட்டைப்பையில் அவளுடைய போன் ஒலித்தது.

"ரெண்டும் உங்களிட்டயோ? அப்பிடி வைக்கக்கூடாது அண்ணை. அவ எங்க?"

"களுபோவிலயில. ஐ.சி.யூ.வில."

அவருடைய கை விசைப்பலகையில் நின்றது.

"வேற ஆரும் இருக்கினமோ?"

"இல்லை."

"அப்ப இதே இருக்கட்டும். எழும்பினதும் அவவிட்டயே குடுங்கோ."

அதுவரை ஒரு விதியையும் தளர்த்தாதவர் இதை ஏன் விட்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் எழும்பியதும் முதல் வேலையாக அவளுடைய போனைச் சார்ஜில் போட்டேன்.