என் மலையில் பனி சுடும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. கேட்டால் சிரிப்பீர்கள். வயது வந்த நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒரு ஊருக்காகச் சண்டை போட்டோம். அதில் அதிகமாகச் சத்தம் போட்டது நான்தான்.

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் ஓடி ஒளிகிறேன்' என்று வாயாலேயே ஆடுவார்கள். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் வைத்த பகடை சொல்லும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், கதை எந்த உலகத்தில் நடக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்துவிட்டால் ஒரு வருஷமாவது அங்கேயே கிடக்க வேண்டியதுதான், வாழ்க்கைப்பட்ட வீடு மாதிரி.

என்னை இதில் இழுத்துவிட்டது கீழ்வீட்டுப் பெண். தெலுங்குக்காரி, சித்தூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். ஒருநாள் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டாள். போனேன், மாட்டிக்கொண்டேன். கதை நடத்துபவர் நகரி ஊர்க்காரர். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, இவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. நாலாவது ஆள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, அந்தக் கல்லூரியில் காவல் பொறுப்பில் இருந்தவர். ஞாயிறுதோறும் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். நாங்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தால், அவர் மட்டும் சாக்ஸோடு நடப்பார். சித்திரை வெயிலிலும் சாக்ஸ்தான். நான் மடி ஆசாரம் பார்க்கிற வீட்டுக்காரி, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள், "திருப்பதி வெயில்ல சார் காலுக்கு மட்டும் மார்கழியா?" என்று கேட்டே விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவருக்குத் திருமலையில் கோயில் கைங்கரியம். அவர் அப்பாவுக்கும் அதுதான், தாத்தாவுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. எந்தப் பாத்திரத்தை எந்தக் கையால் தொடுவது, எந்த நாள் தளிகையில் எந்தக் காய் சமைக்கக்கூடாது, யார் முதலில் சாப்பிடுவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "அது அப்படி இல்லை." மாமியார் சொல்வார், நாத்தனார் சொல்வாள், விசேஷத்துக்கு வந்த யாரோ ஒரு தூரத்து அத்தையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள். நல்லவர்கள்தான். ஆனால் என்னைத் திருத்தாத ஆள் அந்த வீட்டில் இல்லை.

ஞாயிறு ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைதான் எனக்கென்று இருந்த நேரம். சும்மா கிடைக்கவில்லை. "ரெண்டு மணிக்கு மேல காபி வேணும்னா நீங்களே கலந்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். வீடே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நான் இறங்குவதை நிறுத்தவில்லை.

அப்படியிருக்க, பழைய கதை முடிந்து புது உலகம் தேடும் நாள் வந்தது. நகரிக்காரர் பெரிய காகிதம் ஒன்றை மேஜையில் விரித்தார். கையால் வரைந்த வரைபடம். ஏழு சிகரங்கள், உச்சியில் உறங்கும் ஒரு தெய்வம், மடைப்பள்ளிக்கு அடியில் ஒரு ரகசிய வழி. ஆட்டத்தில் நாங்கள் அந்தக் கோயிலின் ஊழியர்கள்.

"வெளிநாட்டுக் கோட்டை, சாராயக்கடை எல்லாம் எவ்ளோ நாளைக்குக்கா ஆடிக்கினு இருக்கறது? நம்ம மண்ணுலயே ஆடலாம்" என்றார். கீழ்வீட்டுப் பெண், "பாகுந்தி, சால பாகுந்தி" என்று குதித்தாள். அவர் என் பக்கம் திரும்பி ஆசையாகச் சொன்னார்: "நீங்க கூட இருந்தா தப்பே வராதுக்கா. எது தப்புன்னு நீங்க பாத்துச் சொல்லிடுங்க."

நல்ல வரைபடம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வேறு வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்குப் போயிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் எனக்கு அது வேண்டாம். மூன்று பேர் விளையாடுவார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து "அது அப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நான் மாடியிலேயே இருந்திருக்கலாமே?

"நான் வரலைப்பா. வாரத்துல ஆறு நாள் நான் அங்கதான் இருக்கேன்" என்றேன்.

"அப்ப எங்கக்கா போவணும்?"

"பனி கொட்டற மலைக்கு."

"பனிய இன்னா பாத்தா இருக்கீங்க?"

"இல்லை. அதனாலதான்."

நகரிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு என் உலகத்தை நான் கொண்டுவர வேண்டும், கைதூக்கி முடிவு செய்யலாம் என்றார். ஏழு சிகரம் ஜெயித்தால் கீழே இறங்குவதில்லை என்று நான் உள்ளுக்குள் தீர்மானித்துவிட்டேன். ஒருமுறை விட்டால் அந்த மூன்று மணி நேரம் வீட்டில் மறுபடி கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க, குக்கர் சத்தத்துக்கு நடுவில், கோடு போட்ட நோட்டில் எழுதினேன். ஞாயிறு வந்தது. நோட்டைப் பிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். என் மலையில் கோயில் இல்லை. சாப்பிட நேரம் காலம் இல்லை. ஊர் முழுக்க வெள்ளையாகப் பனி. தூரத்திலிருந்து வந்த பயணிகள் குதிரையை விட்டு இறங்கி, பனியை இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவிக்கொள்கிறார்கள். பனியிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் மறைக்கிறது.

பட்டாளத்துக்காரர் சிரித்துவிட்டார்.

"பனியில ஏதும்மா ஆவி? நான் வருஷக்கணக்கா பனியில நின்னுக்கினு இருந்தவன். அது அப்படி இல்ல."

அது அப்படி இல்லை. மாடியில் கேட்டு அலுத்ததைக் கீழேயும் கேட்டேன். அவர் சொன்னது நியாயம்தான், எனக்கே அந்த நொடியில் புரிந்துவிட்டது. நான் எழுதியது பனியே இல்லை. பெரிய தளிகை நாளில் அண்டாவின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே சாதத்தின் ஆவி, அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆயுசுக்கும் நான் பார்த்த வெள்ளை அதுதான். தப்பு என்று ஒப்புக்கொண்டு நோட்டை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"இது என் மலை சார். என் மலையில பனி சுடும்" என்றேன். சாதாரணமாகச் சொல்லவில்லை, மேஜையில் அறைந்து சொன்னேன். பகடை ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"சுட்டா அது எப்பிடிக்கா பனி?" என்றார் நகரிக்காரர்.

"போன கதையில வந்த தீயைக் கக்கற பல்லியை மட்டும் நம்பறேளே? அதோட வயிறு எப்படி வேகாம இருக்குன்னு ஒருநாளாவது கேட்டேளா? என் பனி மட்டும் சுடக்கூடாதா? எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். பிடிக்கலைன்னா விடுங்கோ, நான் மாடிக்குப் போறேன்."

அழுகை வந்துவிடும் போலிருந்தது. பட்டாளத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு போயிருந்தது.

"சுடும்னா, எவ்ளோ சுடும்மா?"

"வெதுவெதுன்னு. கையில வெச்சா சுகமா இருக்கும்."

"வெரலு மரத்துப் போவாதா?"

"போகாது."

"அங்க காவலுக்கு நிக்கறான் பாருங்க, அவன் காலு?"

"சமுத்திரம் அளவு பனியில நின்னாலும் ஒண்ணும் ஆகாது சார்."

அவர் குனிந்து இடது காலின் சாக்ஸைக் கழற்றினார். சுண்டு விரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் இல்லை. அந்த இடம் வழவழவென்று, மெழுகு பூசியது போல மூடியிருந்தது.

"ஷூவுக்குள்ள தண்ணி பூந்துச்சி. மாத்த ஆள் வரல, நின்னுக்கினே இருந்தேன். கீழ எறங்கி வந்து அவுத்துப் பாத்தா கருப்பா கெடக்குது" என்றார். செய்தி வாசிப்பவர் மாதிரிச் சொன்னார். பிறகு கையைத் தூக்கினார். "என் ஓட்டு இந்தம்மாவுக்கு. நான் அந்த மலைக்குக் காவல்காரன். செருப்பு இல்லாம நிப்பேன். எழுதிக்கோங்கம்மா."

எழுதினேன். மார்கழியா என்று கேட்டேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? மன்னிப்புக் கேட்டேன். "நல்லாத்தானேம்மா இருந்துச்சி அந்த ஜோக்கு" என்றார். அது இன்னும் வலித்தது.

கீழ்வீட்டுப் பெண்ணும் கைதூக்கினாள். நகரிக்காரர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, "சரே, நீங்களே நடத்துங்க. அந்தப் பனியில நான் இட்லி சுட்டுத் துன்னுவேன், கேக்கக்கூடாது" என்றார். கேட்கவில்லை. உண்மையிலேயே சுட்டுத் தின்றார், பகடையும் அவருக்கே விழுந்தது. ஏழு சிகரத்தை இப்போது வேறு நண்பர்களோடு ஆடுகிறார். சந்தேகம் கேட்டு என்னிடம் வருவதில்லை.

அந்த மலையில் ஒன்றரை வருஷம் ஆடினோம். நான் தலைமை தாங்கி எதையாவது நடத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காவல்காரன் கடைசி வரை வெறுங்காலோடுதான் நின்றான். மேஜைக்கு அடியிலும் சாக்ஸ் இல்லை. சமையலறையை விட்டு ஓடப் பார்த்து அங்கேயே போய்ச் சேர்ந்தாயே என்று யாராவது பாடம் எடுக்க வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆவி என்னுடையது, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதும் என் இஷ்டம்.

வீட்டில் இன்றும் "அது அப்படி இல்லை" நின்றபாடில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது கொஞ்சமும் கூச்சமில்லை. பனி எப்படி இருக்கும் என்று அன்று எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தால், அந்த மனிதர் சாக்ஸைக் கழற்றியே இருக்க மாட்டார்.