மெஷினுக்குத் தெரியாத விரல்கள்

இன்று காலை கவுண்டரில், மாலினி அக்காவுக்கு விரல்களே இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது!

பத்தும் இருக்கின்றன. (எண்ணிப் பார்த்தேன்.)

புக்கெகோஹி என்ற இந்தக் காய்கறி விளையும் ஊரில் நான் அறை எடுத்திருப்பது மாலினி அக்கா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். காய்கறி பேக்கிங் ஷெட்டில் வேலை. பெல்ட்டில் ஓடி வரும் உருளைக்கிழங்கில் அழுகியதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அவருடைய தம்பி ரூபன் டொரொண்டோவில், ஆஸ்பத்திரியில். இனி வீட்டுக்குத் திரும்பமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அக்காவிடம் இன்னும் இலங்கை பாஸ்போர்ட்தான். கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் லீவு போட்டு, சிட்டியில் உள்ள விசா மையத்துக்கு அழைத்துப் போனேன்.

கவுண்டரில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஆண்டி, நாலு விரலையும் சேத்து வைங்க. நல்லா அழுத்துங்க."

சிவப்பு விளக்கு.

"டிஷ்யூல தொடச்சிட்டு இன்னொரு வாட்டி."

சிவப்பு.

"ஒண்ணுமே விழல லா! ஆண்டி என்ன வேல செய்றீங்க?"

"கிழங்கு பொறுக்கிறது, பிள்ளை."

"கிளவுஸ் குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பினம். போட்டா அழுகல் தெரியாது. தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அந்தப் பெண் அக்காவின் கையைத் திருப்பி விளக்கின் கீழே பிடித்தார். விரல் நுனிகள் மினுமினுத்தன. கண்ணாடிபோல.

பள்ளிக்கூடத்தில் உராய்வு என்றால் ஒரு மரக்கட்டை, ஒரு சாய்தளம், ஒரு அம்புக்குறி.

கட்டைக்குத் தம்பி கிடையாது.

வழவழப்பாகத் தெரியும் எதுவும் உண்மையில் வழவழப்பில்லை. எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள். ஒன்றின் மேட்டில் இன்னொன்று மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் நடக்கிறோம். டம்ளர் கையில் நிற்கிறது. பிரேக் பிடிக்கிறது.

மாட்டும்போதெல்லாம் ஏதோ கொஞ்சம் பெயர்ந்து போகிறது.

கிழங்கில் கொஞ்சம் தோல். அக்காவிடம் கொஞ்சம் தோல். நடுவில் புக்கெகோஹி மண், உப்புத்தாள்போல.

கிழங்கு மாறிக்கொண்டே இருக்கிறது. கை அதே கை.

"ஆனாலும் இவ்வளவு சுத்தமா போகாதே" என்றார் அந்தப் பெண். "கைல ஏதாச்சும் போட்டீங்களா ஆண்டி?"

அக்கா பெருமையாகச் சொன்னார்.

"நேற்றுப் பின்னேரம் தேசிக்காயும் உப்பும் போட்டு, தேங்காய்த் தும்பால நல்லா உரஞ்சினனான். நகத்துக்குள்ள, ரேகைக்குள்ள எல்லாம் சிவப்பு மண். ஊத்தைக் கையோட கந்தோருக்கு வாறதோ?"

சாமிக்கு உடைக்கும் தேங்காயின் குடுமியைப் பிய்த்து அக்கா சிங்க் ஓரத்தில் வைத்திருப்பார். அடிப்பிடித்த சட்டி தேய்க்க.

அந்தச் சிவப்பு நின்ற இடங்கள்தான் மிச்சமிருந்த ரேகை.

கவுண்டர் பெண் குரலைத் தாழ்த்தினார்.

"இப்படியே அனுப்பினா திருப்பி விட்டுருவாங்க, ஆண்டி. ரெண்டு வாரம் கைக்கு ரெஸ்ட் குடுங்க. கிழங்கு வேணாம், பாத்திரம் வேணாம், எலுமிச்சம்பழம் வேண்டவே வேணாம். கிரீம் போடுங்க. ரேகை திரும்ப வந்துரும்."

"ரெண்டு கிழமையோ? பிள்ளை, என்ர தம்பி..."

"தெரியுது ஆண்டி. ஃபார்ம்ல பாத்தேன்."

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

திரும்பும் வழியில் மோட்டார்வே முழுக்க மழை. முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். கார் கொஞ்சம் வழுக்கி, பிறகு நின்றது.

டயர் அக்கா விரல்போலத் தேய்ந்தால் வாரன்ட் என்ற தகுதிச் சான்றிதழ் கிடைக்காது, கார் ரோட்டில் ஓட முடியாது. கைகளை அப்படி யாரும் வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பதில்லை.

அக்கா விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, தேய்க்காதீங்க!"

"ஓ." கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "தம்பி, நான் உரஞ்சினதாலயோ போனது?"

"இல்லக்கா. கிழங்காலதான்."

"நீர் பொய் சொன்னா உம்மட காது சிவக்குது."

வைப்பரை ஒரு படி கூட்டினேன்.

பார்மசியில் கிரீமும் ஒரு ஜோடி பருத்திக் கையுறையும் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் கை நிறையக் கிரீம் பூசி, உறை மாட்டி, சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தேன். சோறு நான் வடித்தேன். (குழைந்துவிட்டது. சும்மா இருக்கும் அக்காவிடமிருந்து தப்பவே முடியாது. "அது சோறோ, பசையோ?")

சாப்பிட்டு முடிக்கும்போது போன் அடித்தது.

டொரொண்டோ. அங்கே இன்னும் நேற்று இரவு.

உறையோடு தொட்டால் திரை கேட்காது. அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நான் போனை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

திரையில் ரூபன். மூக்கில் குழாய். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அக்கா... என்ன அது, வெள்ளைக் கிளவுஸ்? பொலிஸ் வேலையோ?"

"ஓமடா. உன்னைப் பிடிக்கத்தான் வாறன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அடங்கும் வரை காத்திருந்தோம்.

"கைரேகை குடுத்திட்டியோ?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"குடுத்திட்டன். எல்லாம் சரி. அடுத்த கிழமை டிக்கெட் போடுறன்."

"அடுத்த கிழமை" என்றார் ரூபன். கண்ணை மூடிக்கொண்டார். "சரி அக்கா. அதுவரைக்கும் இருக்கப் பாக்கிறன்."

அழைப்பு முடிந்தது. அக்காவின் கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. உறை போட்ட கையால் துடைக்கலாமா என்று அக்கா என்னிடம் கேட்டார். டிஷ்யூ எடுத்து நானே துடைத்துவிட்டேன். மெதுவாக, ஒற்றி ஒற்றி.

நர்ஸ்கள், தோல் டாக்டர்கள், விசாவுக்கு இப்படி அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்.

விரலில் ரேகை திரும்ப வர உண்மையில் எவ்வளவு நாளாகும்?

ஒரு வாரத்தில் வருமா?