ஒரு குளிர்காலத்துக்கு ஒரு குச்சி

என் அக்கா ரினெட்டுக்கு நெஞ்சு கெட்டுப்போனது பாதி உருளைக்கிழங்குக் கிடங்கில், பாதி சொந்த வீட்டில். கிடங்கில் அவள் கிழங்கு பொறுக்கிப் பிரிக்கிற வேலை பார்த்தாள். காய்ந்த மண் புழுதி நாள் முழுக்கப் பறக்கும். வீட்டுக்கு வந்தால் சமையலறை மூலையில் இரும்பு அடுப்பு. அதன் பொருத்துகள் எல்லாம் விட்டுப்போய், விரிசல் வழியாகப் புகை கசிந்துகொண்டே இருக்கும். ஒரு கோடையில் அதன் அடித்தகடும் இரண்டாகப் பிளந்தது. அதே வாரம் டாக்டர் சொல்லிவிட்டார்: வீட்டுக்குள் புகை இருக்கவே கூடாது. கண்ணாடிக் கதவு போட்ட, சுத்தமாக எரிகிற அடுப்பு வையுங்கள். முடியாவிட்டால் டவுனில் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கும் வீடுகளில் ஒன்றுக்குப் போய்விடுங்கள், அங்கே மின்சாரச் சூடு.

அக்கா டவுனுக்குப் போக மாட்டேன் என்றாள். அது எங்கள் அப்பா கட்டிய வீடு. எங்களில் அவள்தான் கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டவள், அதனால் வீட்டை அவள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நான் மரலாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாள் குறைவு.

அவள் புருஷன் ஆல்பெனி டேகல். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்தமாகக் கிழங்கு போட்டார், விளையவில்லை. நிலம் கைமாறியது. பிறகு அடுத்தவன் டிராக்டரை ஓட்டினார். குடி கிடையாது, பொய் கிடையாது, திருட்டு கிடையாது. எதற்காகவும் ஊரில் யாரும் அவர் பேரை எடுத்ததில்லை, ஒன்றைத் தவிர. அது நெருப்பு.

எங்கள் பக்கம், கனடா எல்லையில் ஓடும் ஆற்றோரத்தில், கிழங்கு தோண்டி முடித்ததும் வீட்டில் முதல் தீ மூட்டுவார்கள். அதை வசந்தம் வரை அணையவிடாமல் வைத்திருப்பது ஆண்பிள்ளைக்கு அழகு. ராத்திரி காற்று வழியை அடைத்து, தணலைச் சாம்பலில் புதைத்து, காலையில் தீக்குச்சி கிழிக்காமல் கிளறி எழுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து க்ளோவிஸ் கடையில் காப்பிக்கு உட்கார்ந்தால் முதல் கேள்வியே "எத்தனையாவது குச்சி?" என்பதுதான். நான் எல்லாம் ஒரு பெட்டியையே காலி செய்கிறவன், என்னை யாரும் கேட்பதில்லை. ஆல்பெனியைக் கேட்பார்கள். அவர் குவளையை வைத்துவிட்டு, "ஒண்ணு" என்பார். வருஷா வருஷம் அதே ஒண்ணு. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வரவேற்பறையில் அப்பா கட்டிய கணப்பு மாடம் இருந்தது. ஆற்றுக்கல் வைத்துக் கட்டியது. பார்க்க அழகு, எரித்தால் பாதிச் சூடு புகைபோக்கி வழியாக மேலே ஓடிவிடும், பாதிப் புகை அறைக்குள் வரும். அதற்குள் செருகுகிற மாதிரி இப்போது இரும்பு அடுப்பு வருகிறது. மாடத்துக்குள் தள்ளி, புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயை இறக்கி மாட்டிவிட்டால் புகை வீட்டுக்குள் எட்டிப்பார்க்காது. அதை வாங்குவதென்று முடிவாயிற்று. மூன்று பேரும் என் வண்டியில் கடைக்குப் போனோம்.

கடைக்காரன் பேர் டுபே. அறை எவ்வளவு நீளம், கூரை எவ்வளவு உயரம், ஜன்னல் எத்தனை என்று கேட்டான். பிறகு நடுவாந்திர அளவில் ஒன்றைக் காட்டினான்.

"உங்க வீட்டுக்கு இது தாராளம். இதுக்கு மேல போனா வெக்கை தாங்காது. தாங்கலன்னு காத்தை அடைப்பீங்க. அடைச்சா புகைஞ்சுக்கிட்டே கிடக்கும்."

அக்கா குனிந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "கைப்பிடி லேசா இருக்கு. எனக்கு இது போதும்" என்றாள்.

ஆல்பெனி பக்கத்தில் இருந்த பெரியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டியை உள்ளே கட்டிப்போடலாம், அவ்வளவு பெரியது.

"சின்னதுல ராத்திரி தணல் நிக்குமா?" என்று டுபேயைக் கேட்டார்.

"காலைல கொஞ்சம் கங்கு இருந்தா இருக்கும், இல்லேன்னா இல்ல. ஒரு குச்சி கிழிச்சா பத்திக்கப்போகுது."

"ஒரு குச்சி கிழிச்சா" என்று ஆல்பெனி திருப்பிச் சொன்னார். அவன் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி.

"மச்சான், அக்கா மூச்சு விடறதுக்காக வாங்கறோம். உங்க பெருமைக்கு இல்ல" என்றேன்.

"நீ லாரி ஓட்டு மாப்ள. நெருப்பு வளக்கறதை எங்கிட்ட விடு. பெரிசு வாங்கினா பெரிசா எரிக்கணும்னு சட்டமா? அடக்கி எரிப்பேன்."

அக்கா சின்னதின் கதவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். புருஷன் பேச்சை வெளியாள் முன்னால் மறுக்கிறவள் இல்லை. பெரியதையே ஏற்றினோம்.

அது மாடத்துக்குள் போகவில்லை. போகாது என்று எவனுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் அப்பா வைத்த கல் இடித்தது. ஆல்பெனி உளியும் சுத்தியலும் எடுத்துவந்து கல்லைச் செதுக்கினார். அக்கா சமையலறை வாசலில் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்று பார்த்தாள். வெள்ளைத் தூள் தரையெல்லாம் படர்ந்தது.

நான் கூரை மேல் ஏறி, புகைபோக்கி வழியாக எஃகுக் குழாயை இறக்கினேன். வளைந்து கொடுக்கிற குழாய்தான், ஆனால் மாடத்தின் தொண்டையில் பழைய தடுப்புத் தகட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. கீழே இருந்து அவர் கத்தினார்: "திருப்புடா, திருப்பு. பொண்டாட்டியைக் கொஞ்சற மாதிரி திருப்பாத, பலமாத் திருப்பு."

"கொஞ்சறதுக்கு எனக்கு எங்க மச்சான் நேரம்? நீங்க அந்தச் சட்டத்தை அறுங்க முதல்ல."

சட்டத்தை அறுத்ததும் குழாய் இறங்கியது. சுற்றிலும் தீப்பிடிக்காத பஞ்சு அடைத்து, தகடு வைத்து மூடி, அடுப்பைப் பலகை மேல் வைத்து இருவருமாக நெம்பித் தள்ளினோம். சேர்த்துப் பார்த்தால் வேலை ஒழுங்காகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. முன்னால் மூடுகிற கறுப்புச் சட்டம் அப்பாவின் கல்லை முக்கால்வாசி மறைத்தது.

அக்டோபரில் ஆல்பெனி தீ மூட்டினார். ஒரே குச்சி.

முதல் நாள் மட்டும் நன்றாக எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தீ மஞ்சளாக ஆடியது. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்து சிரித்தாள். ஆனால் வெக்கை தாங்கவில்லை. சட்டையைக் கழற்ற வேண்டியதாயிற்று, ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. ஆல்பெனி காற்று வழியை அடைத்தார். அதன் பிறகு அது திறக்கவே இல்லை. விறகு எரியாமல் வெந்துகொண்டு கிடந்தது. சில நாளில் கண்ணாடி பழுப்பானது, பிறகு தார் பூசின மாதிரி கறுத்தது. விறகு போடக் கதவைத் திறந்தால் உள்ளே முட்டிக்கொண்டிருந்த புகை முழுக்க அறைக்குள் உருண்டு வரும். கதவைத் திறக்கிறவள் யார்? அக்காதான். அவர் பகலில் டிராக்டர் கொட்டகையில் இருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது அவள் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தினாள்.

"அந்தக் காத்தைக் கொஞ்சம் திறந்து விடச் சொல்லேன் மச்சான்கிட்ட" என்றாள் என்னிடம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"திறந்தா ராத்திரியோட விறகு தீந்துடும். காலைல செத்துக் கிடக்கும்" என்றார் அவர்.

"செத்தா மறுபடி பத்தவெக்கலாங்க."

"முப்பது வருஷமா செத்ததில்ல."

"நெருப்புதானே" என்றாள் அக்கா. அவர் எழுந்து போய்க் காற்று வழி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். நான் குரலை உயர்த்தினேன், அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கோழிக் குழம்பைப் பரிமாறிவிட்டு, தான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அங்கே புகை குறைவாம்.

ஜனவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவில், ஆல்பெனியின் பெரியப்பா மகன் இறந்தார். ஆல்பெனி அடக்கத்துக்குப் போனார். அன்றைக்கு அக்கா அடுப்பில் விறகு போடவில்லை. அணைந்து ஆறும்வரை காத்திருந்தாள். சாம்பலை வாளியில் அள்ளினாள். ஈரத் துணியில் சாம்பலைத் தொட்டுக் கண்ணாடியைத் தேய்த்தாள். சின்னச் சின்ன மேப்பிள் துண்டுகளாக அடுக்கி, காற்று வழியை முழுக்கத் திறந்து, குச்சி கிழித்தாள். பிறகு என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"வாடா. ப்லாய் சுடறேன், வந்து சாப்பிடு."

போனேன். அடுப்பு முனகலே இல்லாமல் பளிச்சென்று எரிந்தது. வெளியே கூரையைப் பார்த்தேன், புகையே தெரியவில்லை. அக்கா ப்லாய் என்கிற அந்தக் கறுங்கோதுமைத் தோசையை அடுக்கடுக்காகச் சுட்டாள், பேசிக்கொண்டே சுட்டாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஒரு நீளக் கதை சொன்னாள். நடுவில் நிறுத்தவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது.

ஆல்பெனி வந்து கண்ணாடியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அவ்வளவுதான் என்று அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை க்ளோவிஸ் கடையில் நானும் இருந்தேன். க்ளோவிஸ் வழக்கம்போலக் காப்பியை ஊற்றிக்கொண்டே, "ஆல்பெனி, எத்தனையாவது?" என்றான்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த மனுஷன் ஒண்ணு என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து அடுப்பைப் பார்க்கப்போகிறார்கள்? நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தினமும் அவள் அணைத்துப் பற்றவைத்துக்கொண்டு, இவர் வாரத்துக்கு ஒரு பொய் சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் அந்த வீட்டிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பொய் வராது.

"ரெண்டு" என்றார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"என்னப்பா, வயசாயிடுச்சா?" என்றான் ஒருவன்.

"பொண்டாட்டி ஊதி அணைச்சிருப்பா" என்றான் இன்னொருவன்.

"எங்க வீட்ல ஒரு பழைய குச்சி இருக்கு, அனுப்பிவைக்கவா?" என்றான் க்ளோவிஸ்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். மறுநாளே மறந்துபோகிற வேடிக்கை. ஆல்பெனி காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். வீட்டுக்குப் போய், அலமாரியில், சமையலறை இழுப்பறையில், மெழுகுவத்திப் பெட்டியில் இருந்த தீப்பெட்டி அத்தனையும் எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அது முதல் கோட்டைக் கழற்றி மாட்டாமல் கட்டிலுக்கு எடுத்துப் போனார்.

எனக்கு இது தெரிந்ததும் கடையில் ஒரு டஜன் பெட்டி வாங்கிக்கொண்டு போய் அக்கா மடியில் வைத்தேன். அவள் அதைத் திருப்பி என் கையில் கொடுத்தாள்.

"குச்சி கிடைக்காம இல்லடா. நம்ம அப்பா வீட்ல நான் ஒளிச்சு வெச்சுப் பத்தவெக்கணுமா?"

"பின்ன என்ன செய்யப்போற?"

"பாக்கலாம்."

அடுத்த நாள் ஆல்பெனி வேலைக்குப் போனதும் அவள் மறுபடி விறகு போடவில்லை. அடுப்பு அணைந்தது. அவள் மூட்டவும் இல்லை. கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே கண்ணிமை ஒட்டிக்கொள்கிற குளிர். நான் சாயங்காலம் போனபோது ஜன்னலின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. ஆல்பெனியும் அப்போதுதான் வந்து வாசலில் நின்றார்.

"பைத்தியமா உனக்கு?" என்றார். "வெறைச்சுச் சாகவா?"

"குளிருது" என்றாள் அக்கா. "ஆனா மூச்சு வருது."

அவர் பையில் கையை விட்டார். தீப்பெட்டி கிலுகிலுத்தது. எடுத்துக் கொடுப்பார் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அவர் அடுப்பின் முன்னால் மண்டிபோட்டு, கதவைத் திறந்து, சாம்பலைக் கம்பியால் கிளறினார். எங்கேயாவது ஒரு கங்கு உயிரோடு இருக்கிறதா என்று தேடினார். வெகுநேரம் தேடினார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "துணிப் பெட்டியை எடுத்துட்டு வரேன், வண்டியை ஓடவிட்டு வை" என்றாள்.

டாக்டர் சொன்ன அந்த டவுன் வீட்டில் சுவரில் ஒரு திருகு இருக்கிறது. திருகினால் சூடு வரும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஜன்னலில் வண்டி நிறுத்துமிடம் தெரிகிறது, பக்கத்து அறைக் கிழவரின் டிவி விடியும்வரை கத்துகிறது. ப்லாய் சுட்டால் ஒற்றை ஆளுக்கு எத்தனை சுடுவது என்கிறாள். ஆனால் இப்போது அவளால் பாட முடிகிறது. கோவிலில் பாட்டுக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள்.

ஈஸ்டர் கழிந்து, பனி உருகத் தொடங்கியபோது ஆல்பெனி வந்தார். நான்தான் கூட்டிவந்தேன். முகம் மழித்து, சட்டை மாற்றி வந்திருந்தார். அக்கா அவருக்குக் குவளைக்கு அடியில் தட்டு வைத்துக் காப்பி கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி.

"டுபே பெரிசைத் திருப்பி எடுத்துக்கறேங்கறான்" என்றார். "நீ அன்னிக்குப் பாத்தியே, அந்தச் சின்னதை வெச்சிடலாம். நீ எப்படி எரிக்கணுமோ எரிச்சுக்க."

அக்கா எதிரே உட்கார்ந்தாள். "க்ளோவிஸ் கேட்டா என்ன சொல்வீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், புருவத்தைச் சுருக்கி, நிலம் கைமாறிய வருஷத்தில் உட்கார்ந்து யோசித்த அதே மாதிரி. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

அவரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன். வீடு உன் பேரில்தானே இருக்கிறது, அந்த ஆளை வெளியே அனுப்பிவிடவா, நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். சின்ன அடுப்பை நானே வைத்துத் தருகிறேன், நீ உன் வீட்டில் போய் இரு என்றேன்.

அவள் குவளையைக் கழுவிக் கவிழ்த்தாள். "அனுப்பி? இந்த வயசுல அவர் எங்க போவார்? போனாலும் நான் தனியா அத்தனை விறகைத் தூக்க முடியுமா?"

"அப்போ சும்மா விட்டுடறதா?"

"அவர் அங்கயே இருக்கட்டும்டா. ஆள் இல்லாம வீடு ஆறிப்போச்சுன்னா தண்ணிக் குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிடும்."