எந்தக் காத்தாடி?

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார்.

முந்தாநாள் சாயங்காலம், நசரத்பேட்டையில், தன் வீட்டு வாசலில் நின்ற தன் வேன் மேலிருந்து விழுந்து... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. டிரான்ஸ்போர்ட் டெஸ்க். "கேப் எங்கண்ணே?" என்று கேட்டால், வண்டி பூந்தமல்லியே தாண்டியிருக்காது, "இதோ வந்துகினே கீது நைனா" என்பார். மனசார நம்பித்தான் சொல்வார், அதுதான் எரிச்சல்.

மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஆபீஸ் கழித்துக்கட்டிய பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, பேட்டரி வைத்து வீடு மாதிரி ஆக்கியிருந்தார்.

ஊர் சுற்றும் ஆசை அவருக்கில்லை. அவர் மனைவி ரேவதி அண்ணிக்கு.

அண்ணிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். படுத்தால் மாஸ்க் மாட்ட வேண்டும், பக்கத்தில் மெஷின் ஓட வேண்டும். அந்த மெஷின் வந்தபிறகு வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்திலேயே பந்தி முடிந்ததும் கிளம்பி வந்தவர்.

"மேல சோலார் போட்டுட்டேன். மழ நாள்ல பேட்டரி இறங்கிச்சின்னா இன்னா பண்றது?" என்று ஒருநாள் கேன்டீனில் புலம்பினார்.

"ஒரு காத்தாடி வைங்கண்ணே. எங்க தென்காசிப் பக்கம் அதுலதான் கரண்டு எடுக்காங்க" என்றேன்.

டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காத்தாடிலயா? அது கரண்ட் கம்பில மாட்னா ஷாக்குதான் அடிக்கும். இன்னா நைனா, தெளிவாதான் கீறியா?"

எங்கள் ஊரில் காத்தாடி என்றால் காற்றாலை. மெட்ராஸ்காரர்களுக்குக் காத்தாடி என்றால் பட்டம். இது இரண்டு பேருக்கும் புரிவதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

அப்புறம் எங்கெங்கோ தேடி ஒரு குட்டி விண்ட் டர்பைன் வாங்கினார். அவர் வீட்டில் அதற்கும் காத்தாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் ட்ரையல் பழவேற்காட்டுக் கடற்கரையில், பட்டப்பகலில். என்னையும் கூட்டிப்போனார். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போனது. டர்பைனை நேராக வேன் கூரையிலேயே முடுக்கியிருந்தார். அது சுற்றச் சுற்ற வண்டியே மாவு மில் மாதிரி அதிர்ந்தது.

உள்ளே மாஸ்க்கோடு படுத்திருந்த அண்ணி கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தார். "மூச்சு நல்லா வருது. தூக்கந்தான் வர்ல."

மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு...

அதன்பிறகு அதைக் கழற்றி ஓர் உயரமான பைப்பில் மாட்டி, வேனின் பின்பக்க ஏணியோடு சேர்த்து, நடுவில் ரப்பர் வைத்துக் கட்டினார். சத்தம் அடங்கிவிட்டது. போன வாரம் போன் செய்தார். "நைனா, உங்க அண்ணி ஒத்துக்கினா! பழவேற்காடு போறோம். நைட்டு அங்கயே தூங்குறோம்."

நேற்றுக் காலையில் கிளம்பியிருக்க வேண்டும்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். வாசல் முழுக்க ஆட்கள். அண்ணி அழவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நான் உள்ள அடுப்பாண்ட இருந்தேன் தம்பி. 'காத்தாடி மாட்டிக்கிச்சி, எட்த்துட்டு வந்துர்றேன்'னு குரல் குட்த்தாரு. எந்தக் காத்தாடி தம்பி? என் மெஷினுக்கு வச்சாரே, அதுக்கா ஏறுனாரு? நீ போய்ப் பாத்து சொல்லு."

வேனுக்குப் பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தேன். பைப் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டம் கிழிந்து தொங்கியது. அதன் நூல் டர்பைன் இறக்கைகளில் சுற்றி இறுகியிருந்தது. நல்ல காற்றுதான். அது சுற்றவில்லை.

பட்டம் அவருக்கு எதற்கு? மறுநாள் ராத்திரி அந்த இறக்கை சுற்ற வேண்டும் என்றுதான் ஏறியிருக்கிறார். அதுகூடவா எனக்குத் தெரியாது?

திரும்பி வந்தேன். "பட்டம் அண்ணி" என்றேன். "பட்டம் எடுக்கத்தான் ஏறியிருக்காங்க."

எங்கள் ஊர்ச் சொல். காத்தாடி மாதிரி அதில் குழப்பமில்லை.

அண்ணி, "சின்ன வயசுலேர்ந்தே காத்தாடின்னா பைத்தியம் அந்தாளுக்கு" என்றார். அப்போதுதான் அழுதார்.

அண்ணி முகநூலில் இல்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து பட்டம் என்றே சொல்லுங்கள். ஆபீஸ் குரூப்பில் "அந்த டர்பைன்தான் எமனாகிவிட்டது" என்று எழுதிய நண்பரே, அதை அழித்துவிடுங்கள்... ப்ளீஸ்.

நான் சொன்னது சரியா, தப்பா... தெரியவில்லை.

கிளம்பும்போது ஏணியில் ஏறி அந்த நூலை அறுத்துவிட்டேன் அண்ணே.

சுத்துது. போயிட்டு வாங்க.