முசரவாக்கத்தில் கிடைக்காத நொச்சி ஒத்தடம்

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை வசந்தா அக்காவைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் பல வருட முட்டி வலி. முசரவாக்கத்தில் சரோஜாம்மா என்பவர் நொச்சி இலையையும் வாதநாராயணன் இலையையும் விளக்கெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறார், வீக்கம் வடிகிறது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். காலையில் ஒத்தடம், பிறகு வரதராஜப் பெருமாள் தரிசனம். இதுதான் திட்டம். இதற்காகவே அக்கா கோயம்புத்தூரிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, இரண்டு நாள் முன்னதாக அரக்கோணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

காலை 6.40 பஸ், ஆளுக்கு 30 ரூபாய். வழியெல்லாம் இடது கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். பயண அசதி என்று நினைத்து நானே அமுக்கிவிட்டேன். எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து ஆட்டோ, காத்திருந்து திரும்ப 400 ரூபாய். (450 கேட்டார். பேசினால் குறைப்பார்கள்.)

சரோஜாம்மா வீட்டு வேலியே நொச்சிதான். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். எங்கள் முறை வந்ததும் அவர் சூடான பொட்டலத்தைக் கையில் எடுத்தார், அக்காவின் காலைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். இரண்டு கெண்டைக்காலிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“இந்தக் காலு மட்டும் எத்தினி நாளா வீங்கிக்கினு இருக்குது?”

“நேத்துல இருந்து. முட்டிக்கு ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்மா.”

“நான் கை வெக்க மாட்டேன். டாக்டராண்ட போ.”

அக்காவுக்குக் கோபம். “கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கேன்!”

“அமெரிக்காவுல இருந்து வந்தாலும் அதாம்மா.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “எங்க சின்ன மாமனாருக்கும் இப்டித்தான், ஒரு காலு மட்டும் வீங்கி, சூடா இருந்துச்சு. நாந்தான் நல்லா நீவி வுட்டேன். சாயந்திரமே மூச்சு முட்டிப் பூட்டாரு. உள்ள ரத்தம் கட்டிக்கினு இருந்துதாம், நீவக் கூடாதாம். அப்ப யாரும்மா சொன்னாங்க எனக்கு?”

அதே காலைத்தான் நான் பஸ்ஸில் அமுக்கிவிட்டிருந்தேன். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

ஆட்டோவில் அக்கா விடவில்லை. “பெருமாளப் பாத்துட்டுப் போயிடலாம்டி.” கல்யாணமான நாளிலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமை தரிசனத்தை நான் விட்டதே இல்லை. ஆனால் அன்றைய வரிசை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

“யக்கா, கோயிலா ஆஸ்பத்திரியா, சீக்கிரம் சொல்லுக்கா,” என்றார் டிரைவர்.

“ஆஸ்பத்திரி,” என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஐந்து நாள் படுக்கை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடும்வரை கஷாயம், இலைப்பொடி எதையும் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, சில மூலிகைகள் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும் என்றும் சொன்னார்.

தை மாதம் டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி முசரவாக்கம் போனோம். “டாக்டரு இன்னா எழுதிக்கிறாரு, படிச்சுக் காட்டு,” என்று கேட்டுவிட்டுத்தான் சரோஜாம்மா முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தார். மூன்று நாள், ஒரு நாளைக்கு 150 ரூபாய். வலி அடியோடு போகவில்லை. ஆனால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறாள். எங்களுக்கு அதுவே பெரிது.

போகிறவர்களுக்கு: ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பழைய வேட்டித் துணி எடுத்துப் போங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக இருந்தால் ஒத்தடமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றைக்கு எங்களைத் திருப்பி அனுப்பிய அந்த அம்மாவைத் தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள். “என் கதைய எழுதறியாமே? எழுது. என் வயச மட்டும் போட்டுடாதடி.”

போடவில்லை.