திறந்திருக்குங்க

படியிறங்கும்போதே சுட்டுவிரலால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் மெல்லத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வருவார். அசையாத கதவைக் கடந்துவிடுவார். அசைந்தால் அழைப்புமணியை அழுத்தி, உள்ளிருப்பவர் வரும்வரை முதுகைக் காட்டி நிற்பார். “திறந்திருக்குங்க. சொல்லிட்டேன்” என்பதற்குமேல் ஒரு சொல் கிடையாது. நன்றி சொன்னவர் அக்குடியிருப்பில் எவருமிலர். “உங்கள யாரும்மா கேட்டா?” என்று சீறியவர் பலர். தாழ்ப்பாளக்கா என்று அவருக்குப் பெயர் சூட்டியவரும் அவர்களே.

பிழைப்பும் அதுவே. மென்பொருள் நிறுவனமொன்றில், பிறர் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவது அவர் வேலை. தேநீர் ஆறிப்போகும், கண் திரையை விட்டகலாது. பிழை அகப்பட்டதும், தாமே செய்ததுபோல் நாக்கைக் கடித்துக்கொள்வார். கார் ஓட்டக் கற்பிக்கும் கணவருக்கு இது தீராத கேலி. “கிளட்ச்ச மிதின்னு நான் சொன்னா மிதிக்கறாங்க. காசு குடுத்துக் கேக்கறாங்கல்ல! உன்ன எவன் கேட்டான் தாயே?”

சென்ற மாதம், இரத்தப் பரிசோதனை நிலையமொன்றின் இணையதளத்தில் தம் அறிக்கையைத் திறக்கப்போனவர், அறிக்கை எண்ணில் ஓரிலக்கத்தைத் தவறி அழுத்திவிட்டார். முன்பின் அறியாத ஒருவரின் பெயர், வயது, நோய் எல்லாம் விரிந்தன. கடவுச்சொல் கேட்பாரில்லை. மெய்தானா என்றறிய வேறோர் எண்ணையும் இட்டார்; இன்னொரு மனிதரின் நோய் வந்து நின்றது. பதறி மூடிவிட்டு, நிலையத்துக்கு எழுதினார். பதிலில்லை. மறுபடியும் எழுதினார். வக்கீல் நோட்டீஸ் வந்தது, அதுவும் அவர் வேலைசெய்யும் அலுவலகத்துக்கு! அத்துமீறி நுழைந்தாராம், அவதூறு பரப்பினாராம். நம்பி ஊசிக்குக் கைநீட்டியவர்களின் நோயை நடுத்தெருவில் விரித்து வைத்தவர்கள், அதை எடுத்துச் சொன்னவரைத் திருடி என்றார்கள். ஓட்டையோ அடைபடாமலே கிடந்தது. மன்னிப்பெழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளரும் கைகழுவிவிட்டார்.

நிலைய இயக்குநரின் அறையில் தாள் ஆயத்தமாக இருந்தது. வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். தாழ்ப்பாளக்கா அவசரமின்றி வாசித்தார்.

“நுழைஞ்சேன்னு போட்டிருக்கு. மொதல்ல கைதவறிடுச்சு, ரெண்டாவது தெரிஞ்சேதான் பார்த்தேன். அதுக்குக் கையெழுத்துப் போடறேன். ஆனா எந்தக் குறையும் இல்லைன்னு கீழ இருக்கே, அத அடிச்சிடுங்க.”

“அதுக்காகத்தானேம்மா இந்தத் தாளே!” என்றார் வக்கீல்.

“குறை இருக்கே சார்.”

“எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம்” என்று இயக்குநர் தம் கைப்பேசியை முன்னே தள்ளினார்.

“இன்னொருத்தர் நோய இன்னொரு தடவ பார்க்க மாட்டேன்.”

“ஒண்ணுமில்லன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?” இயக்குநர் சிரித்தார்.

தாழ்ப்பாளக்கா புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். அவருடைய அறிக்கையில் இருந்தது, கணவரைத் தவிர எவரிடமும், பெற்ற தாயிடமும் சொல்லாத நோய்.

“என்னோட எண்ணச் சொல்றேன். நீங்களே போடுங்க சார்.”

இலக்கம் இலக்கமாகச் சொன்னார். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அறிக்கை திறந்துகொண்டது. இயக்குநரின் சிரிப்பு நின்றது. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்த வக்கீல், சட்டென்று மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

“திறந்திருக்குங்க. சொல்லிட்டேன்.”

மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, மூடியை அழுந்தப் பொருத்தி, வக்கீலின் பக்கம் வைத்தார்.